தார்ப்பாயின் அடிப்பக்கமும் நனைவது ஏன்? இரவுப் பனி மேலிருந்து வருகிறதா, தரையிலிருந்து வருகிறதா?

மன்னை வேணி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சம்பா நெல்லை அறுத்துக் களத்தில் குவித்து, கொள்முதல் நிலையத்தில் எங்கள் முறை வரும்வரை தார்ப்பாயால் மூடி வைத்திருக்கிறோம். தை மாதத்துப் பனி இந்த ஆண்டு கடுமையாகவே இறங்குகிறது. விடியற்காலையில் தார்ப்பாயின் மேற்புறத்தைக் கையால் வழித்தால் தண்ணீர் வடிகிற அளவுக்கு ஈரம் நிற்கிறது; அதில் எனக்கு வியப்பில்லை. ஆனால் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கத்திலும் முத்து முத்தாக நீர் கோத்திருக்கிறது. குவியலின் மேல்மணிகள் அதனாலேயே நனைந்துவிடுகின்றன.

களத்தின் சிமென்ட் தளம் ஏறத்தாழக் காய்ந்தே கிடக்கிறது. பத்தடி தள்ளியிருக்கும் வரப்புப் புல்லில் நடந்தால் புடவைக் கரை முழுவதும் நனைந்துவிடுகிறது. அதே வரப்பில் புங்க மரத்தடிப் புல்லில் ஈரமே இல்லை. வெளியே நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளின் இருக்கையும் பெட்ரோல் டாங்கும் நனைந்திருக்க, பளபளக்கும் சைலன்சர் குழாய் மட்டும் காய்ந்திருக்கிறது.

பனி மேலிருந்து பெய்வதால்தான் மரத்தடியில் விழுவதில்லை என்கிறார் பெரியப்பா. அப்படியென்றால் தார்ப்பாயின் அடியில் அது எப்படி நுழைந்தது? குளிர்ந்த நீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போலக் காற்றிலுள்ள நீராவி புல்லின்மேல் படிகிறது என்று என் மகளின் பாடநூல் சொல்கிறது. டம்ளரைக் குளிர்விக்க உள்ளே ஐஸ் இருக்கிறது. புல்லைக் குளிர்விப்பது எது? காற்றுதான் குளிர்விக்கிறது என்றால் சிமென்ட் தளமும் அதே காற்றில்தானே கிடக்கிறது? மேகமூட்டமான இரவில் காற்றில் ஈரம் மிகுந்திருந்தும் பனி இறங்காமல் போவதற்கு என்ன காரணம்? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பரிதி எழுதியது:

வணக்கம் அம்மா. புல்லைக் குளிர்விப்பது எது என்ற உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் மற்றவற்றில் பெரும்பாலானவை தாமாகவே அவிழ்ந்துவிடும். பாடநூல்கள் டம்ளரோடு நின்றுவிடுவதால்தான் இந்தக் குழப்பம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது என்பது, இயற்பியல் கற்பிக்கும் என் எண்ணம்.

முதலில் நீராவியின் கணக்கைப் பார்ப்போம். 27 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் இடத்தில் நீராவி ஏறத்தாழ 26 கிராம் வரை இருக்க முடியும். அதற்குமேல் சேர்வது நீராகிவிடும். மாலையில் ஒப்பு ஈரப்பதம், அதாவது அந்த உச்ச அளவில் உண்மையில் இருக்கும் பங்கு, 70 விழுக்காடு என்றால் அங்கே இருப்பது சுமார் 18 கிராம். வெப்பநிலை 21 டிகிரிக்கு இறங்கும்போது அந்த 18 கிராமே உச்ச அளவாகிவிடுகிறது. இந்த 21 டிகிரிதான் அன்றைய காற்றின் பனிப்புள்ளி. காற்று முழுவதும் அந்த அளவுக்குக் குளிர வேண்டும் என்பதில்லை. ஏதேனும் ஒரு பரப்பு அதற்குக் கீழே குளிர்ந்தால் போதும், அதைத் தொடும் காற்றிலுள்ள நீராவி அங்கேயே நீராகப் படியத் தொடங்கும். தலை உயரத்தில் காற்று 22 டிகிரியில் இருக்கும் அதே நேரத்தில் புல்லின் நுனி 19 டிகிரியில் இருப்பது தெளிந்த இரவுகளில் இயல்பானது. அதாவது, காற்று புல்லைக் குளிர்விப்பதில்லை; புல்தான் தன்னை ஒட்டியுள்ள காற்றைக் குளிர்விக்கிறது.

புல்லின் வெப்பம் வானத்துக்குப் போகிறது. எல்லாப் பொருள்களும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை இடைவிடாமல் வெளிவிட்டுக்கொண்டே இருக்கின்றன. பகலில் வெயில் அந்த இழப்பை ஈடுகட்டுகிறது. இரவில் ஈடுகட்ட எதுவும் இல்லை. வளிமண்டலத்திலுள்ள நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் ஓரளவு வெப்பத்தைத் திருப்பி அனுப்பினாலும், 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளங்களுக்குத் தெளிந்த வானம் பெருமளவு திறந்தே இருப்பதால், ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பும் நிகரமாகச் சுமார் 50 முதல் 80 வாட் வரை இழந்துகொண்டிருக்கிறது. புல் மெல்லியது, அதில் தேங்கியிருக்கும் வெப்பம் சொற்பம், புல்லிடுக்கில் அசையாமல் நிற்கும் காற்று, மண்ணிலுள்ள வெப்பம் மேலே வந்து சேரவிடாமல் தடுக்கிறது. ஆகவே புல் விரைவில் குளிர்கிறது. உங்கள் சிமென்ட் தளமும் அதே அளவில்தான் வெப்பத்தை இழக்கிறது. ஆனால் பகல் முழுவதும் வெயிலில் கிடந்து அது சேர்த்துவைத்த வெப்பமும் அடியிலுள்ள மண்ணிலிருந்து ஏறிவரும் வெப்பமும் இரவு முழுவதும் ஈடுகொடுப்பதால் தளம் பனிப்புள்ளிவரை இறங்குவதே இல்லை.

மரத்தடிப் புல்லுக்கு வானம் தெரிவதில்லை. அதன் தலைக்குமேல் இருப்பவை ஏறத்தாழக் காற்றின் வெப்பநிலையிலேயே உள்ள இலைகள். புல் மேலே அனுப்பும் வெப்பத்துக்குக் கிட்டத்தட்ட ஈடான வெப்பத்தை அவை திருப்பி அனுப்பிவிடுகின்றன. பெரியப்பா ஏணி வைத்து அந்தப் புங்க மரத்தின் உச்சி இலைகளைத் தொட்டுப் பார்த்தால் அங்கே ஈரம் இருக்கும். மேகம் செய்வதும் இதே வேலைதான். தாழ்வான மேகத்தின் அடிப்பகுதி தரையைவிடச் சில டிகிரிகளே குளிர்ந்தது. அது அகச்சிவப்புக் கதிர்களைத் தடையின்றித் திருப்பி அனுப்புவதால், காற்றில் எவ்வளவு ஈரம் இருந்தாலும் புல் குளிர்வதற்கு வழியில்லாமல் போகிறது.

மோட்டார் சைக்கிள் விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. வண்ணம் பூசிய பரப்பும் ரெக்ஸின் இருக்கையும் அகச்சிவப்புக் கதிர்களை நன்றாக வெளிவிடும் இயல்பு கொண்டவை. பளபளப்பான குரோமியப் பூச்சோ அவை வெளிவிடுவதில் சுமார் பத்தில் ஒரு பங்கையே வெளிவிடுகிறது. எனவே அது குளிர்வதும் குறைவு. நான்கு சக்கர வண்டிகளிலும் கூரையும் முன்கண்ணாடியும் நனைந்திருக்கும் அளவுக்குக் கதவுகள் நனைவதில்லை, ஏனென்றால் செங்குத்தான பரப்புக்கு வானத்தில் பாதிதான் தெரிகிறது.

ஒவ்வொரு கிராம் நீராவியும் நீராக மாறும்போது சுமார் 2,450 ஜூல் உள்ளுறை வெப்பத்தை அந்தப் பரப்பிலேயே விட்டுச்செல்வதால், பனி இறங்கத் தொடங்கியதும் புல் மேலும் குளிர்வது மந்தமாகிறது. காற்று பலமாக வீசினாலும் பனி இறங்காது, மேலிருக்கும் வெதுவெதுப்பான காற்று கலந்து புல்லைச் சூடேற்றிவிடும். அதற்காகக் காற்று அடியோடு அசையாமல் நின்றுவிடுவதும் உதவாது. புல்லை ஒட்டிய காற்றிலுள்ள நீராவி தீர்ந்துபோனால் புதிதாகக் கொண்டுவந்து சேர்க்க மெல்லிய அசைவாவது வேண்டும்.

தைப் பனி தரையைத் துளைக்கும் என்று நம் ஊரில் சொல்வதற்கும் இதில் காரணம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் வெளுத்துவிட்ட நிலையில் இரவு இன்னும் நீண்டதாகவும், மண்ணும் வயலும் ஈரமாகவும் இருக்கும் மாதம் அது. தார்ப்பாயின் அடிப்பக்கத்தைப் பற்றி என்னைவிட வயலறிந்தவர்கள் சொல்வதே பொருத்தம்.

இரவுவான் எழுதியது:

பரிதி ஐயா சொன்னதற்குப் பழைய சோதனை ஒன்றைத் துணையாகச் சேர்க்கிறேன். வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர் லண்டனை ஒட்டிய ஒரு தோட்டத்தில் இரவிரவாக விழித்திருந்து செய்த சோதனைகளை 1814-இல் நூலாக வெளியிட்டு, அதற்காக ராயல் சொசைட்டியின் ரம்ஃபோர்டு பதக்கத்தையும் பெற்றார். அவருடைய கருவி கம்பளிப் பஞ்சுதான். ஒரே எடையுள்ள, அதாவது 10 கிரெய்ன் (கிரெய்ன் என்பது மிகச் சிறிய ஆங்கிலேய எடை அலகு) எடையுள்ள பஞ்சுகளைப் பல இடங்களில் வைத்து, எது எவ்வளவு கனத்தது என்று நிறுத்துப் பார்த்தார். நான்கு கால்களின்மேல் உயர்த்தி வைத்த ஒரு பலகையின் மேற்பக்கத்தில் இருந்த பஞ்சு ஓர் இரவில் 14 கிரெய்ன் ஈரத்தை ஏற்க, அதே பலகையின் அடிப்பக்கத்தில் கட்டிய பஞ்சு 4 கிரெய்னையே ஏற்றது.

இது பெரியப்பாவுக்குச் சாதகமாகத் தோன்றலாம். ஆனால் வெல்ஸ் அடுத்ததாகச் செய்ததைப் பாருங்கள். இருபக்கமும் திறந்த சுட்ட களிமண் குழாயொன்றைப் புல்லின்மேல் செங்குத்தாக நிறுத்தி, அதற்குள் நடுவில் ஒரு பஞ்சையும் வெளியே திறந்த புல்லில் ஒரு பஞ்சையும் வைத்தார். குழாய்க்குள் இருந்த பஞ்சின் தலைக்குமேல் எந்த மறைப்பும் இல்லை; மழை பெய்திருந்தால் இரண்டும் ஒரே அளவில் நனைந்திருக்கும். வெளிப்பஞ்சு 16 கிரெய்ன் ஏற்றபோது உள்பஞ்சு ஏற்றது வெறும் 2 கிரெய்ன். குழாயின் சுவர்கள் வானத்தின் பெரும்பகுதியை மறைத்துவிட்டன என்பதே இரண்டுக்கும் இருந்த வேறுபாடு. பனி படிவதற்கு முன்பே புல் காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது என்பதையும் அவர் வெப்பமானியால் உறுதிசெய்தார். அதுவரை பனியால்தான் புல் குளிர்கிறது என்று நம்பியவர்கள் பலர்.

தொலைநோக்கி வைத்திருக்கும் எங்களுக்கு இது ஒவ்வொரு இரவும் கண்கூடு. வானத்தை நோக்கித் திறந்திருக்கும் முன்கண்ணாடி நள்ளிரவுக்குள் மங்கிவிடும். அதன் முன்னால் கறுப்பு அட்டையைக் குழல்போலச் சுருட்டி மாட்டினால் மங்கல் வெகுநேரம் தள்ளிப்போகிறது. பனி உள்ளே விழாமல் தடுப்பதற்காக அந்தக் குழல் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது வெல்ஸின் களிமண் குழாய் செய்த வேலையைத்தான் செய்கிறது.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

வேணி அம்மாவின் தார்ப்பாய்க்கு வருகிறேன். மேற்பக்கத்து ஈரமும் அடிப்பக்கத்து ஈரமும் ஒரே குளிர்ச்சியால் உண்டானவை. ஆனால் அந்த நீர் வந்த இடங்கள் வேறு. தார்ப்பாய் மெல்லியது, வானத்தைப் பார்த்துக் கிடப்பதால் பனிப்புள்ளிக்குக் கீழே குளிர்ந்துவிடுகிறது. மேற்பக்கத்தில் வெளிக்காற்றின் நீராவி படிகிறது. அடிப்பக்கத்தில் படிவது உங்கள் நெல் விட்ட நீராவி. புதிதாக அறுத்த நெல்லில் ஈரப்பதம் மிகுதி. குவியலின் உள்ளே வெயிலின் சூடும் மணிகள் சுவாசிப்பதால் எழும் சூடும் சேர்ந்து வெதுவெதுப்பாக இருக்கும். அங்கிருந்து எழும் ஈரக்காற்று குளிர்ந்த தார்ப்பாயில் முட்டி, நீராகி, மேல்மணிகளின்மேலேயே சொட்டுகிறது.

வெறும் மண்ணிலும் புல்லிலும் இது நடக்கிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் எய்ட்கன் 1885-இல் புல்தரையின்மேல் தட்டுகளைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தபோது அவற்றின் உட்புறம் நனைந்திருந்தது. புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டியை இரவில் நிறுத்துப் பார்த்தபோது அது எடை குறைந்திருந்தது. அதாவது, ஒருபக்கம் பனி படிந்துகொண்டிருக்கும்போதே மறுபக்கம் மண் நீராவியை இழந்துகொண்டிருந்தது. மண்ணின் ஆழம் பகலின் வெப்பத்தை வைத்திருப்பதால் இரவில் மண்ணிலிருந்து நீராவி எழும்பி, மேலே குளிர்ந்து நிற்கும் புல்லின் அடியிலேயே சிக்கிக்கொள்கிறது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் மான்டீத் என்ற ஆய்வாளர் 1957-இல் இந்த இரண்டு வரவுகளையும் தனித்தனியே பிரித்துக் காட்டினார். காற்று ஓரளவு அசையும் இரவில் மேலிருந்து வரும் பங்கு கூடும். அசைவற்ற இரவில் மண்ணிலிருந்து வரும் பங்கே மேலோங்கும். ஆகவே பனி இறங்குகிறதா, ஏறுகிறதா என்று வழக்காடுகிறவர்கள் இருவருக்குமே பாதிச் சாட்சி உண்டு.

உங்கள் நெல்லுக்குச் செய்ய வேண்டியது இதிலிருந்தே தெரியும். கொள்முதலுக்குப் பொதுவான ஈரப்பத வரம்பு 17 விழுக்காடு என்பதால் ஓர் இரவின் சொட்டு ஈரம்கூட உங்களைத் திருப்பி அனுப்பக் காரணமாகிவிடலாம். தார்ப்பாயை நெல்லின்மேல் நேரடியாக ஒட்டிப் போடாமல், முதலில் வைக்கோலைக் கனமாகப் பரப்பி அதன்மேல் போடுங்கள். சொட்டும் நீரை வைக்கோல் வாங்கிக்கொள்ளும். காலையில் தார்ப்பாயின் மேற்பக்கம் காய்ந்தபிறகு எடுத்து, அடிப்பக்கத்தைத் திருப்பி வெயிலில் விரித்து, நெல்லையும் கிளறிக் காயவிட்டு, வெயில் தாழ்வதற்கு முன் மூடிவிட வேண்டும். நாலு பக்கமும் திறந்த ஓலைக் கொட்டகை ஒன்று இருந்தால் அதுவே எல்லாவற்றிலும் மேல். கூரை வானத்தை மறைத்துவிடும், பக்கங்களில் காற்று ஓடி நெல்லின் ஈரத்தைக் கொண்டுபோய்விடும்.

மன்னை வேணி எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஏணி வைத்துப் பார்க்கும் வேலையைப் பெரியப்பாவிடமே விட்டுவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. பக்கத்து வயலில் இளம் நெற்பயிரின் ஒவ்வொரு இலை நுனியிலும் ஒரே ஒரு துளி மட்டும் தொங்குகிறது. இலையின் மற்றப் பகுதி காய்ந்திருக்கும் நாளிலும் அது இருக்கிறது. அதுவும் பனிதானா? மற்றொன்று, நெல் அறுத்த தரிசில் தெளிக்கும் உளுந்து பனி ஈரத்தைக் குடித்தே விளைந்துவிடுகிறது என்கிறார்களே, அது எவ்வளவு தூரம் உண்மை?

பரிதி எழுதியது:

இலை நுனித் துளி பனி அன்று. இரவில் இலைத்துளைகள் மூடியிருக்கும்போதும் வேர் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. அந்த வேரழுத்தத்தால் உந்தப்பட்ட நீர், இலையின் நுனியிலும் ஓரத்திலும் உள்ள தனித் துளைகள் வழியே வெளியே கசிகிறது. வேணி அம்மா நேரிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரவில் அந்தத் துளியைத் துடைத்துவிட்டால் சற்று நேரத்தில் அதே நுனியில் மீண்டும் ஒன்று ஊறும். மேகமூட்டமான இரவிலும், மரத்தடி நாற்றிலும்கூட அது தோன்றும். பனியைப் போல அதற்கு வானம் தெரிய வேண்டியதில்லை. மண்ணின் உப்புகள் அந்த நீரில் கரைந்து வருவதால், காய்ந்தபின் நுனியில் வெண்மையான படிவு தங்குவதும் உண்டு. பனி படிந்த இலையிலோ பரப்பு முழுவதும் பொடிப் பொடியாகத் துளிகள் பூத்திருக்கும். இந்த வேறுபாட்டைச் சுட்டியவர்களில் மேலே சொன்ன எய்ட்கனும் ஒருவர்.

நீலமலைக்காரன் எழுதியது:

உதகையில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் இதே நிகழ்வு உறைபனியாகிறது. பனிப்புள்ளியே சுழியத்துக்குக் கீழே போய்விடும் இரவுகளில் நீராவி நீராகாமல் நேராகப் பனிப்படிகமாகவே புல்லில் படியும். தலைக்குந்தா போன்ற தாழ்ந்த வெளிகளில், சரிவுகளிலிருந்து குளிர்ந்த காற்று இறங்கித் தேங்குவதால், மேட்டில் உறையாத நாளிலும் பள்ளம் வெளுத்துக் கிடக்கும். இளந்தேயிலைச் செடிகளின்மேல் தழைகளை வெட்டிப் பரப்புகிறோம். வானத்தை மறைப்பதுதான் அதன் பயன் என்று இந்த உரையாடலைப் படித்தபின் எங்கள் பிள்ளைகளுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

உளுந்துக் கணக்கைச் சொல்கிறேன். நல்ல பனி இறங்கும் இரவில் 0.2 மில்லிமீட்டர் அளவு நீர் படிகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டருக்கு 200 மில்லி, ஏக்கருக்குச் சுமார் 800 லிட்டர். கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும். ஆனால் வளர்ந்த பயிரும் மண்ணும் சேர்ந்து ஒரு நாளில் 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை நீரைச் செலவழிக்கின்றன. வரவு செலவில் இருபதில் ஒரு பங்கு அளவே இருக்கும் இந்த நீரைக் கொண்டு எந்தப் பயிரும் விளையாது. அதிலும் ஒரு பகுதி அதே வயல் மண்ணிலிருந்து கிளம்பிய நீராவி என்பதால் அதை வரவு என்று எழுதுவதே தவறு. தரிசு உளுந்தை வளர்ப்பது, நெல் அறுவடைக்கு முன் மெழுகுபதத்தில், அதாவது நீர் வடிந்தும் மண் மெழுகுபோல ஈரமாக, இருக்கும் வயலில் விதை விழுகிறதே, அந்த மண்ணில் தேங்கிய ஈரம்தான்.

பனியால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. இலைமேல் பனி நிற்கும்வரை காலை வெயிலின் வெப்பம் அந்த நீரை ஆவியாக்குவதில் செலவாகிறது. அந்த நேரம் முழுவதும் பயிர் தன் நீரை இழப்பது குறைகிறது. கோடை நெருங்கும் மாசியில் ஒரு நாளைக்கு ஓரிரு மணி நேரம் அப்படிக் கிடைத்தாலும் காய் பிடிக்கும் பயிருக்கு அது உதவிதான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. நெல்லின் குலைநோய்ப் பூசணத்தின் வித்துகள் முளைத்து இலைக்குள் நுழைய இலைமேல் பல மணி நேரம் ஈரம் நிற்க வேண்டும். மார்கழி, தை மாதத்து நீண்ட பனி அதை அள்ளிக் கொடுக்கிறது. அதனால்தான் இந்த மாதங்களில் தழைச்சத்தை அளவோடு இடச் சொல்கிறோம். காய்கறிச் செடிகளுக்குச் சாம்பல் தூவுகிறவர்கள் பனி ஈரம் காய்வதற்குள் தூவினால் அது இலையில் ஒட்டிக்கொள்ளும். நீரில் கலந்து தெளிக்கும் மருந்தையோ, பனி காய்ந்தபிறகே தெளிக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து நீர்த்து வழிந்துவிடும். நெல்லுக்கு அறுவடை இயந்திரத்தை வெயிலேறி வைக்கோல் காய்ந்தபிறகு இறக்குகிறோம். முற்றிய உளுந்துக்கு அதற்கு நேர்மாறாக, விடியற்காலையிலேயே ஆள் இறக்கிப் பறிக்க வேண்டும். பனியில் நெற்றுகள் பதமாக இருக்கும், வெயில் ஏறிவிட்டால் கை பட்டதும் வெடித்து மணிகள் வயலிலேயே சிதறிவிடும்.